ஓடையில் கிடைத்த சிப்பிக்குப் பெயர் கண்ட கதை

அரியலூரில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தபோது, கல்லங்குறிச்சிப் பக்கம் நீர் வற்றிக் கிடந்த ஓர் ஓடையில் அந்தச் சிப்பி என் காலில் தட்டுப்பட்டது. கிண்ணம்போல் குழிந்து, ஒரு முனை மட்டும் கிளியின் அலகைப்போல் உள்நோக்கி வளைந்திருந்த அது, கையில் எடுத்தபோது கல்லைப்போல் கனத்தது. அதற்குரிய பெயரைக் கண்டறிய எனக்கு நான்கு மாதங்கள் ஆயின.

“காளவாய்க்குக் கொண்டுவந்த கிளிஞ்சலாக இருக்கும், மச்சான்” என்றார் மைத்துனர். கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது நம் ஊர்களில் நெடுங்கால வழக்கம் என்பதால், அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் சிப்பியின்மேல் வினிகர் விட்டுப் பார்த்தேன், நுரைத்தது. நேற்றுக் கரையொதுங்கிய சிப்பியும் சுண்ணாம்புச் சத்தால் ஆனதே என்பதால் அதுவும் அவ்வாறே நுரைக்கும் என்று அறியாமல், புதைபடிவம் என்பதற்கு அதையே சான்றாக எடுத்துக்கொண்டேன். அதைவிடப் பெரிய தவறு, ஒட்டியிருந்த மண் கரையட்டும் என்று இரவு முழுவதும் அதை வினிகரில் ஊறவிட்டது. காலையில் அலகு முனையில் இருந்த நுண்ணிய வரிகள் மழுங்கிப்போயிருந்தன. இளம் சிப்பி முதன்முதலில் எதன்மேல் ஒட்டி வளர்ந்தது என்பதைக் காட்டும் தடம் அந்த முனையில்தான் இருக்கும் என்பதைப் பிறகு அறிந்தபோது மனம் மிகவும் வருந்தியது.

திருச்சியில் நிலவியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். வெளிப்புறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல இயலாது என்றும், உட்புறம், இரண்டு ஓடுகளும் இணையும் கீல் பகுதி, பக்கவாட்டுத் தோற்றம் ஆகியவற்றை அளவுகோல் வைத்துப் படமெடுக்க வேண்டும் என்றும், அவை எல்லாவற்றுக்கும் முன்னால் அது எந்தப் பாறை அடுக்கிலிருந்து வந்தது என்று பார்த்து வர வேண்டும் என்றும் அவர் சொன்னார். நீர் உருட்டி வந்த பொருளுக்குக் கிடைத்த இடம் பிறந்த இடமாகாது என்பது அவர் கருத்து.

அடுத்த முறை போனபோது ஓடையை எதிர்த்து மேல்நோக்கி நடந்தேன். தொடக்கத்தில் கிடைத்த துண்டுகள் கூழாங்கல்போல் விளிம்பு தேய்ந்திருந்தன. போகப்போக விளிம்புகள் கூர்மையாகிக்கொண்டே வந்தன. ஒரு வளைவில், கரையின் பழுப்பு மஞ்சள் சுண்ணாம்புப் பாறையில், அதே சிப்பிகள் ஓர் அடுக்காக நெருங்கிப் பதிந்திருப்பதைக் கண்டேன். சிலவற்றில் மேலோடும் கீழோடும் பிரியாமல் சேர்ந்தே இருந்தன. என் சிப்பியின் குழிவுக்குள் இறுகியிருந்த பாறையும் இதே நிறம், இதே மணற்பதம். காளவாய்க் கிளிஞ்சலா என்ற ஐயம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. பாறையைத் தொடாமல், ஓடையில் உதிர்ந்து கிடந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்; மூட்டை கட்டி அள்ளிச் செல்பவர்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

இம்முறை பழைய பல் துலக்கியும் ஊசியும் தண்ணீரும் மட்டுமே பயன்படுத்தினேன். மூன்று மாலைகள் செலவழித்து உட்புறத்தைத் திறந்தபோது, ஓட்டை மூடும் தசை பற்றியிருந்த தழும்பு ஒன்றே ஒன்று, ஏறத்தாழ வட்டமாக, கீலுக்கு அருகில் தெரிந்தது. ஒற்றைத் தழும்பு ஆளி வகைச் சிப்பிகளில் காணப்படுவது. இன்று நாம் உண்ணும் ஆளிகளின் குடும்பத்தில் அது பிறை வடிவில் இருக்கும் என்பதால், இது வேறு குடும்பம் என்று தெளிவாயிற்று. அலகு பக்கவாட்டில் நத்தைபோல் சுருளாமல் நேராக மேலெழுந்து வளைந்ததால் எக்ஸோகைரா என்னும் பழங்கால ஆளி வகை இல்லை. விளிம்பு வாள்பல்போல் மடியாததால் லோஃபா என்னும் வகையும் இல்லை. இறுதியாக, உடைந்த விளிம்பைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தபோது, ஓட்டின் அடுக்குகளுக்கிடையே ஆப்பத்தின் நடுப்பகுதிபோல் நுண்ணிய குமிழ்ப் பொந்துகள் தெரிந்தன. அந்தக் குமிழ்களே பிக்னோடான்ட் என்னும் ஆளி வகையின் அடையாளம் என்று பேராசிரியர் முன்பே எழுதியிருந்தார்.

டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துத் தென்னிந்தியச் சிப்பிகளைப் பற்றிப் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிஸ்கா எழுதி 1871-இல் நிறைவடைந்த தொகுதியைத் தேடிப் புரட்டியபோது, அதன் ஓவியத் தட்டுகளோடு என் சிப்பியை ஒப்பிட முடிந்தது. இந்த வகையைப் பழைய நூல்கள் கிரிஃபியா என்றே அழைத்ததால், பெயர் மாறிய விவரம் தெரியாமல் முதலில் சற்றுக் குழம்பினேன். 1806-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லமார்க் வைத்த ‘வெசிகுலாரிஸ்’ என்ற இனப்பெயர் மட்டும் இன்றும் நிற்கிறது. அதுவும் குமிழைக் குறிக்கும் சொல்லே. கல்லங்குறிச்சிப் பாறை ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸின் இறுதிக் கட்டமான மாஸ்ட்ரிக்டியன் காலத்தில், ஆழமில்லாக் கடலில் படிந்தது. அக்காலத்து நத்தைகளின் ஓடுகள் எளிதில் கரையும் அரகோனைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனவை என்பதால் பெரும்பாலும் அச்சாகவே எஞ்சுகின்றன. ஆளிகளின் ஓடு அதைவிட உறுதியான கால்சைட் என்பதால் ஓடாகவே நிலைத்துவிட்டது.

இனப்பெயரை உறுதியாக எழுத விரும்பினேன். நேரில் பார்க்காமல், ஒரே ஓட்டைக் கொண்டு அவ்வாறு எழுதக் கூடாது என்று பேராசிரியர் தடுத்துவிட்டார். ஆகவே, இப்போது என் மேசையில் இருக்கும் பெட்டியின் சீட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: “பிக்னோடான்ட், வெசிகுலாரிஸ் இனத்துடன் ஒப்பிடத்தக்கது, இடது ஓடு, கல்லங்குறிச்சி ஓடைப் படுகை, இடம்பெயர்ந்தது, அலகு முனை வினிகரால் சிதைந்தது.”