டேப்பட் இல்லை, மேனிஃபோல்டு: மூன்று மாத அலைச்சல்

ஒருவழியாக நேற்று கார் ரிப்பேர் முடிந்து கைக்கு வந்தது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். ஐந்து நிமிடம் ஓடினால் காணாமல் போய்விடும். முதல் மெக்கானிக் "டேப்பட்தான்" என்று, அதாவது எஞ்சின் வால்வைத் தள்ளும் பாகம்தான் தட்டுகிறது என்று சொல்லி வால்வு இடைவெளியைச் சரிசெய்தார். மறுநாளும் அதே டிக் டிக். திரும்பப் போனால், போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகியிருக்கும். "எங்கே சார் சத்தம்?" என்பார். கடைசியில் ராத்திரி வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, காலையில் போய் என் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். (இதை முதல் நாளே செய்திருக்கலாம்.) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினிலிருந்து புகையை வாங்கி சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்புக் குழாயில், விரிசல். அதன் வழியே புகை கசிந்ததுதான் அந்தச் சத்தம். சூட்டில் இரும்பு விரிந்து தன் வாயைத் தானே மூடிக்கொண்டிருக்கிறது. விரிசலைச் சுற்றி மை அப்பியதுபோல் கரி.

இதற்கிடையில் மைலேஜ் குறைந்ததென்று, புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை வேறு மாற்றியிருந்தேன். தண்டச் செலவு. சென்சாருக்கு முன்னால் இருந்த விரிசல் வழியே வெளிக்காற்று புகுந்திருக்கிறது. பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றியிருக்கிறது.

அடுத்த தப்பு வெல்டிங். வார்ப்பிரும்பை நன்றாகச் சூடாக்கி, நிக்கல் ராடு வைத்துப் பற்றவைத்து, மெதுவாக ஆறவிட வேண்டும். எனக்குச் செய்தவரோ கழற்றாமலேயே, குளிர்ந்த இரும்பில் ஒரு இழு இழுத்துவிட்டார். மூன்றே வாரத்தில், பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புது விரிசல்.

சரி, மாற்றிவிடலாம் என்று பழைய பாகங்கள் விற்கும் கடையில் ஒன்று வாங்கினேன். இரண்டாவது மெக்கானிக் அது எஞ்சினோடு ஒட்டும் முகப்பில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வளைந்த சரக்கு. திருப்பிக் கொடுக்க ஒரு நாள் போனது. வாங்கப் போகிறவர்கள் ஸ்கேலைக் கையோடு கொண்டுபோங்கள்.

கழற்றும்போது, ஒரு நாள் முழுக்க எண்ணெய் விட்டு ஊறவைத்தும், ஓரத்து ஸ்டட் (மேனிஃபோல்டை எஞ்சினோடு பிடிக்கும் தலையில்லாத போல்ட்) ஒன்று முறிந்தது. பெரும்பாலும் ஓரத்தில் இருப்பதுதான் முறியுமாம். மேனிஃபோல்டு பொருந்தும் எஞ்சின் தலைப்பகுதியான அலுமினிய ஹெட் வார்ப்பிரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும் உலோகம். அந்த இழுபறி ஓரத்தில்தான் அதிகம். துளை போடப் போகிறாரோ என்று பயந்தேன். மனிதர் முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து, அந்தச் சூட்டோடு ஸ்பானரால் திருப்பினார். வெண்ணெயாக வந்துவிட்டது!

அப்புறம் புது மேனிஃபோல்டு, இடையில் கசியாமல் அடைக்கும் புது கேஸ்கட், புது ஸ்டட். நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக, முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்கினார்.

இன்று காலை பானட்டைத் திறந்துவைத்து, குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு ஐந்து நிமிடம் பக்கத்திலேயே நின்றேன். சத்தம் இல்லை. பழைய ஆக்சிஜன் சென்சார் இன்னும் டிக்கியில் கிடக்கிறது. பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை.