வெறுங்காலில் வந்தது யார்?

பிப்ரவரி 3

காலையில் ஓடைக்கரைக்குப் போனபோது ஈர மணலில் வெறுங்கால் சுவடு ஒன்று தெரிந்தது. 18 செ.மீ. நீளம். குதிகால், நடுப்பாதம், ஐந்து விரல் எல்லாம் சரியாக இருந்தன. ஐந்தாறு வயதுப் பிள்ளையின் கால் அளவுதான். காட்டுக்குள் செருப்பில்லாமல், அதுவும் தனியாக, எந்தப் பிள்ளை வரும்? முன்னும் பின்னும் கூழாங்கற்கள் என்பதால் வேறு சுவடு எதுவும் கிடைக்கவில்லை. பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, நோட்டில் "சிறுவன், வலது கால்" என்று எழுதினேன்.

தடம் பார்க்கக் கற்றுத்தரும் அண்ணன் அதை எட்டிப் பார்த்தார். "எழுதி வை தம்பி, அப்புறம் பார்ப்போம்" என்றதோடு சரி. அவர் சிரித்தாரா இல்லையா என்று இப்போதும் தெரியவில்லை.

பிப்ரவரி 4

இன்று நாயா, பூனையா என்கிற பாடம். இரண்டு இனத்துக்கும் தரையில் பதிவது நான்கு விரல்தான். நாய், நரி, செந்நாய்க்கு நக நுனிகள் விரலுக்கு முன்னால் குத்தியிருக்கும். பூனை இனம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும். இதை மட்டும் தெரிந்துகொண்டு நான் பாதையில் நகமில்லாத ஒரு தடத்தைக் காட்டி "சிறுத்தை!" என்று கத்தினேன். அது நாய். தரை இறுகியிருந்ததால் நகம் பதியவே இல்லை.

நகத்தை நம்பாதே என்றார் அண்ணன். சரிவில் வழுக்கும்போது சிறுத்தையும் நகத்தை நீட்டும். சிவிங்கிப்புலிக்கு நகம் முழுதாக உள்ளே போவதே இல்லை, தடத்தில் பெரும்பாலும் தெரியும். அதனால் முதலில் வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். நாயின் தடத்தை நடுவில் மடித்தால் இரண்டு பாதியும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். விரல்களுக்கும் உள்ளங்கால் மெத்தைக்கும் இடையே குறுக்காக ஒரு பெருக்கல் குறி போட்டுவிடலாம். பூனையின் மெத்தை பெரியது, குறி போட இடம் விடாது. அதன் பின்விளிம்பு மூன்று மேடாகப் பிரிந்திருக்கும். நம் நடுவிரல் போல ஒரு விரல் மற்றவற்றை முந்தி நிற்கும். அந்த விரல் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பதை வைத்து இடக்காலா வலக்காலா என்றுகூடச் சொல்லிவிடலாமாம்.

பிப்ரவரி 5

நண்பகலில் நடந்தது வீண். தலைக்கு மேல் வெயில் நிற்கும்போது தடத்துக்கு நிழலே கிடையாது, எல்லாம் வெறும் மண்ணாகத் தெரிகிறது. சாய்ந்த வெயில் வேண்டும். தடம் நமக்கும் சூரியனுக்கும் நடுவில் இருக்கும்படி நிற்க வேண்டும். காலையில் நான் மிதித்துக்கொண்டு போன இடத்திலேயே மாலையில் திரும்பி வரும்போது நான்கு தடங்கள் இருந்தன!

பிப்ரவரி 7

குளம்புகளில் நாள் போனது. மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் இரண்டு பிளவுதான். பன்றியின் பின்பக்கம் இருக்கும் இரண்டு சிறு குளம்புகள் தாழ்வாகவும் அகலமாகவும் இருப்பதால் சாதாரணமாக நடந்தாலே இரண்டு புள்ளியாகப் பதிந்துவிடும். மானுக்கு அவை உயரத்தில் இருக்கின்றன. ஆனால் ஆழமான சேற்றிலோ ஓட்டத்திலோ மானுக்கும் அவை பதியும், முன் குளம்புகளும் விரியும். இங்கேயும் ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது.

முயல்தான் என்னை நன்றாக ஏமாற்றியது. தாவும்போது பின்னங்கால்கள் முன்னங்கால்களைத் தாண்டி விழுவதால் பெரிய தடங்கள் இரண்டும் முன்னால் கிடக்கும். நான் அது போன திசையைத் தலைகீழாகச் சொன்னேன். முள்ளம்பன்றியில் அந்தக் குழப்பம் இல்லை. தடத்தின் மேலேயே முட்கள் கோடு கிழித்துக்கொண்டு போயிருக்கும்.

யானைக்கு டேப் எடுத்தோம். ஆசிய யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி அளந்து இரட்டித்தால் தோள்வரை உள்ள உயரம் ஏறக்குறைய கிடைத்துவிடும். முன்னங்கால் வட்டம், பின்னங்கால் நீள்வட்டம். நாங்கள் அளந்த சுற்றளவு 120 செ.மீ. அப்படியென்றால் உயரம் 2.4 மீட்டர். தடத்துக்குள் தேங்கிய நீரில் தவளைக் குஞ்சு ஒன்று நீந்திக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 9

மழை. வெளியே போக வழியில்லை. நேற்று பார்த்தது எல்லாம் கரைந்திருக்கும்.

மழை கெடுதல் மட்டுமில்லை, கடிகாரமும்தான் என்றார் அண்ணன். துளி விழுந்த குழிகள் தடத்துக்குள்ளும் இருந்தால் விலங்கு மழைக்கு முன்னால் போனது. தடம் அந்தக் குழிகளை நசுக்கியிருந்தால் மழைக்குப் பின்னால். பனி, உதிர்ந்த இலை, குறுக்கே ஊர்ந்த பூச்சியின் கோடு எல்லாமே இப்படி மணி சொல்லும். தான்சானியாவின் லேட்டோலியில் நடந்தது வேறு. எரிமலைச் சாம்பல் மழையில் நனைந்து, அதில் மனித மூதாதையரும் விலங்குகளும் நடந்து, மேலே மறுபடி சாம்பல் மூடியதால் சுமார் 36 லட்சம் ஆண்டுக்கு முந்தைய சுவடுகள் அப்படியே கிடைத்தன. மூதாதையரின் காலடி வரிசையைக் கண்டது 1978இல்.

பேச்சு புலிக் கணக்கெடுப்புக்குப் போனது. சரோஜ் ராஜ் சௌத்ரி என்ற வன அதிகாரி 1966இல் வகுத்த முறைப்படி, தடத்தின் மேல் கண்ணாடி வைத்து வரைந்து புலிகளைப் பிரித்து எண்ணினார்கள். 1972இல் இந்தியா முழுவதும் எண்ணியபோது 1827 என்று வந்தது. ஆனால் ஒரே புலியின் ஒரே கால் மணலில் ஒரு மாதிரியும் சேற்றில் வேறு மாதிரியும் விரியும், வரைகிற கையும் ஆளுக்கு ஆள் மாறும். ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகள் இருப்பதாகக் கணக்கு சொல்லிக்கொண்டிருக்க, 2005இல் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அதன்பின் புலியின் உடல் வரிகளைப் படம் பிடிக்கும் தானியங்கிக் கேமராக்கள் முன்னுக்கு வந்தன. ஒரு தடத்தைப் பார்த்து "இது புலி" என்பது ஒரு வேலை, "இது அந்தப் புலி" என்பது முற்றிலும் வேறு வேலை. நான் இன்னும் முதல் வேலையிலேயே தடுமாறுகிறேன், அது வேறு விஷயம்.

பிப்ரவரி 11

மழைக்குப் பின் சேறு எழுதும் பலகை போல இருந்தது. ஓடைக்கு மேலே அதே வெறுங்கால் சுவடு. இந்த முறை ஒன்றல்ல, வரிசை.

உடனே அது போன பக்கம் நடக்கப் போனேன். அண்ணன் தோளைப் பிடித்தார். "புதுத் தடத்துக்குப் பின்னால் போகாதே தம்பி. அது வந்த வழியில் போ." எதிர்த்திசையில் நடந்தோம். ஒவ்வொரு பாதத்துக்கும் அருகில் அகலமான, குதிகால் இல்லாத இன்னொரு தடம். அதன் விரல்களுக்கு நன்றாகவே முன்னால் நீண்ட நகக் கீறல்கள். நூறடி தள்ளி ஒரு கரையான் புற்று பிளந்து கிடந்தது.

கரடி. முன்னங்கால் தடம் குட்டை, பின்னங்கால் தடம் நம் பாதம் மாதிரி முழு நீளம். ஆனால் நமக்குக் கட்டைவிரல் உள்பக்கம், கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம். ஒற்றைச் சுவட்டில் உள் எது, வெளி எது என்று எனக்குத் தெரியவில்லை. வரிசை இருந்ததால்தான் எந்தச் சுவடு எந்தப் பக்கத்துக் கால் என்று புரிந்தது.

மாலையில் பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரல்களுக்கு முன்னால் மங்கலாக ஐந்து புள்ளிகள். அன்று அவற்றை மணல் துகள் என்று நினைத்திருக்கிறேன். 3ஆம் தேதிப் பக்கத்தில் "சிறுவன், வலது கால்" என்பதை அடித்துவிட்டு, "கரடி, இடது பின்னங்கால்" என்று எழுதினேன்.