திரை சிவப்பாகவே இருக்கட்டும்

மே 11

ஞாயிற்றுக்கிழமை ஓசூர்ப் பக்கம் ஆட்டோகிராஸ் கார் பந்தயம். கூம்புகளுக்கு இடையே நெளிந்து ஓடும் சிறிய தடம். இரண்டாம் கியரைத் தாண்ட வேலையே இருக்காது. என் ஸ்விஃப்ட்டை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எடை குறைந்த வண்டிக்கு இந்த விளையாட்டில் மரியாதை உண்டு.

போன முறை முன்டயர்களில் வெளித்தோள், அதாவது வெளிப்பக்க விளிம்பு, மட்டும் தேய்ந்திருந்தது. வளைவில் வண்டி சாயும்போது டயரும் சேர்ந்து சாய்ந்து தோளின் மேல் நிற்கிறது. முன்பக்கத்து மெக்பெர்சன் சஸ்பென்ஷன் அமுங்கும்போது தானாகத் தரும் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, சொற்பம். நாம்தான் சக்கரத்தின் தலையை முன்கூட்டியே உள்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும்.

மே 13

கேம்பர் போல்ட் வந்துவிட்டது. ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிணைக்கும் இரண்டு போல்ட்களில் மேலே உள்ளதைக் கழற்றி, மையம் விலகிய இதைப் போட்டுத் திருப்பினால் சக்கரம் சாயும். பந்தயத்துக்கு மட்டும் வண்டி வைத்திருப்பவர்கள் நெகட்டிவ் (உள்பக்கச் சாய்வு) 2.5, 3 டிகிரி என்று போகிறார்கள். நான் தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்கு வேலைக்குப் போகிறவன்.

மே 14

பைபாஸ் ஓரத்து அலைன்மென்ட் கடை. மாம்பழ லாரிகளின் வரிசைக்குப் பின்னால் காத்திருந்தேன். கணினித் திரையில் கேம்பர் சிவப்பாக வந்ததும் கடைக்காரர் கையை எடுத்துவிட்டார்.

“பச்சை வராமல் வண்டியை வெளியே விட மாட்டேன் தம்பி.”

“ஆலை சொன்ன அளவைத் தாண்டினால் சிவப்பு வரும் அண்ணா. நான் வேண்டுமென்றுதான் தாண்டுகிறேன்.”

“டயர் உள்பக்கம் தின்றுவிடும். அப்புறம் என்னைச் சொல்லாதே.”

கேம்பரைவிட டோதான், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவுதான், டயரைத் தின்னும் என்பது என் கட்சி. டோ தவறினால் நேர்ச்சாலையிலும் டயர் குறுக்காக உரசிக்கொண்டே போகும். அதனால் டோ சுழியம். கேம்பரை மாற்றினால் டோவும் நகரும் என்பதால் முதலில் கேம்பர், பிறகு டோ. ஓட்டுநர் இருக்கையில் நானே உட்கார்ந்துகொண்டேன். என் எடை இல்லாமல் எடுக்கும் அளவு எனக்கு எதற்கு? கேம்பர் இடம் நெகட்டிவ் 1.6, வலம் 1.4 டிகிரி என்று வந்ததை இரண்டும் 1.5 ஆக்கினார். முணுமுணுத்தபடிதான். ஆனால் கை சுத்தம்.

மே 16

சக்கரங்களைத் திருப்பும் டை ராடு கம்பிகளில் டோவின் சுழிய நிலையைப் பெயின்ட்டால் குறித்துவிட்டேன். நாளை களத்தில் லாக் நட்டைத் தளர்த்தி, இரு பக்கமும் சமமாகத் திருப்பி, டயர்களின் முன்விளிம்பு இடைவெளி பின்விளிம்பைவிட 3 மில்லிமீட்டர் அதிகமாகும்படி டோ-அவுட் வைப்பது திட்டம். ஒரு பக்கம் கூடினால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். பின்பக்கம் டார்ஷன் பீம், இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே உத்தரம். ஷிம் என்ற மெல்லிய தகடு வைக்காமல் அங்கே திருப்ப எதுவும் இல்லை. பின்டயரில் காற்றைக் கூட்டி வாலைக் கொஞ்சம் தளர்த்தலாம்.

மே 17

ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே மூக்கு திரும்புகிறது. பிரேக் அழுத்தினால் கொஞ்சம் அலைபாய்கிறது. இந்த டோவோடு நெடுஞ்சாலையில் போக எனக்குத் துணிவில்லை. டயர் எவ்வளவு சாய்கிறது என்று பார்க்கத் தோளில் போட்ட சாக்பீஸ் கோடு பாதிதான் அழிந்தது. ஆனாலும் ஓட்டம் முடிந்ததும் தொட்டுப் பார்த்தால் வெளிப்பக்கமே அதிகச் சூடு. இன்னும் அரை டிகிரி கேட்கிறது.

கிளம்புமுன் டோவைப் பெயின்ட் குறிக்குத் திருப்பிவிட்டேன்.

மே 18

அந்த அரை டிகிரிக்கு ஸ்ட்ரட்டின் தலையில், ரப்பர் தாங்கிக்குப் பதிலாக, சாய்வை மாற்ற உதவும் கேம்பர் பிளேட் போட வேண்டும். ரப்பர் போய் இரும்பு வந்தால் ஒவ்வொரு பள்ளமும் உள்ளே கேட்கும். அம்மா காவேரிப்பட்டணம் போவதும் இதே வண்டியில்தான். 1.5 போதும், அடுத்த முறை முன்டயர் காற்றில் கை வைக்கிறேன்.