கேதோடு கதிர்கள்: மனப்பாடம் செய்து நான் கோட்டை விட்ட பாடம்

வாயுவைப் பெரும்பாலும் வெளியேற்றிய கண்ணாடிக் குழாயில் உயர் மின்னழுத்தம் கொடுத்தால், எதிர்மின் தகடான கேதோடிலிருந்து கிளம்புபவைதான் கேதோடு கதிர்கள். இந்தப் பாடத்தை முதலில் படித்தபோது அவற்றின் பண்புகளுக்கு எண் போட்டு வரிசையாக மனப்பாடம் செய்தேன். தேர்வில் வந்த கேள்வியோ வேறு: கேதோடு கதிர்கள் ஒளியைப் போன்றவை அல்ல, துகள்கள் என்பதை எப்படி நிறுவுவாய்? தெரிந்த பண்புகளையெல்லாம் கொட்டிவிட்டு வந்தேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. நேர்கோட்டில் செல்வதும் நிழல் விழுவதும் ஒளிக்கும் பொருந்துமே! அன்று அது உறைக்கவில்லை.

அப்புறம் ஒவ்வொரு பண்பின் பக்கத்திலும் 'ஒளியும் இப்படிச் செய்யுமா?' என்று எழுதி வைத்துப் படித்தேன். கண்ணாடியை ஒளிரச் செய்வதைப் புற ஊதாக் கதிரும் செய்யும். ஆனால் காந்தத்தை அருகில் கொண்டுபோனால் கற்றை வளைகிறது, ஒளி வளையாது. 1895இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெரேன் இந்தக் கதிர்களை ஓர் உலோக உருளைக்குள் விழவைத்து, எதிர் மின்னூட்டம் சேர்வதைக் காட்டினார். விடைக்கு இவைதான் உயிர். குழாய்க்குள் வைத்த சிறு துடுப்புச் சக்கரம் கதிர் பட்டுச் சுழல்வதை மட்டும் துகளுக்குச் சான்றாக நம்பாதீர்கள். கதிர் படும் பக்கம் சூடாவதே அது சுழல முக்கியக் காரணம் என்பது பின்னாளில் தெரிந்தது.

எனக்குப் பாடத்தைத் திறந்துவிட்டது ஜெர்மன் இயற்பியலாளர் ஹெர்ட்ஸின் தோல்வி. 1883இல் அவர் கற்றையின் இருபுறமும் தட்டுகள் வைத்து மின்புலம் கொடுத்துப் பார்த்தார், கற்றை வளையவில்லை. கதிர்கள் அலைதான் என்ற பக்கத்துக்கு அது வலுச் சேர்த்தது. உண்மையில் குழாயில் மிச்சமிருந்த வாயு அயனிகளாகி, தட்டுகளின் புலத்தை மறைத்துவிட்டது. 1897இல் ஆங்கிலேய இயற்பியலாளர் தாம்சன் வாயுவை இன்னும் நன்றாக வெளியேற்றினார், கற்றை வளைந்தது. குழாயில் அழுத்தம் ஏன் அவ்வளவு குறைவாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இந்தக் கதையே பாதி விடை.

தாம்சனின் கணக்கு பார்ப்பதற்குத்தான் பெரிது. மின்விசையும் காந்தவிசையும் சமமானால் கற்றை விலகாது. அப்போது வேகம், மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுத்தால் வரும். கேதோடின் உலோகத்தை மாற்றினாலும் வாயுவை மாற்றினாலும் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள தகவு மாறவில்லை. இன்றைய மதிப்பு கிலோகிராமுக்கு 1.76 × 10¹¹ கூலூம். எல்லா அணுவிலும் ஒரே துகள், அதாவது எலக்ட்ரான், இருக்கிறது என்ற முடிவு இந்த மாறாமையிலிருந்துதான் வந்தது. இதை ஒரு வரியாவது எழுதிவிடுங்கள்.

கணக்கில் எலக்ட்ரானை முடுக்க 1000 வோல்ட் கொடுத்தால் அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1.9 × 10⁷ மீட்டர் வரும். ஒளியின் வேகத்தைத் தாண்டி விடை வந்தால் அலகில் எங்கோ சறுக்கியிருக்கிறீர்கள். காந்தப்புலத்தில் விசையின் திசையைக் காட்டும் இடக்கை விதியில், நடுவிரலைக் கற்றை போகும் திசைக்கு எதிராக நீட்டுங்கள். துகள்கள் எதிர் மின்னூட்டம் கொண்டவை என்பதால் மின்னோட்டத்தின் திசை அதுதான். நான் இரண்டு முறை தலைகீழாக எழுதியிருக்கிறேன்.