எங்கட மிட்வைஃப் அம்மாவுக்குப் பொன்னாடை
நேற்றுப் பின்னேரம் எங்கட வாசிகசாலையில, யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவான நெடுந்தீவில கனவருசம் வேலை செய்து ஓய்வுபெற்ற மிட்வைஃப் அம்மாவைக் கௌரவிச்சவை, கண் கலங்கிப்போச்சு. குறிகட்டுவான் இறங்குதுறையில இருந்து போட் ஏறினா ஒரு மணித்தியாலக் கடல், வாடைக்காத்து நேரம் போட் ஓடாட்டி தீவில உள்ள பிள்ளைத்தாச்சிக்கு அவாதான் கதி. சைக்கிள் ஹாண்டிலில தராசைக் கொளுவிக்கொண்டு, பவளப்பாறை அடுக்கின மதில் ஒழுங்கையளுக்குள்ள வீடு வீடாப் போய்ப் பிள்ளையள நிறுத்து, பிள்ளையின்ர வளர்ச்சிக் கார்டில புள்ளி வைப்பா, நிறை கோடு கீழ இறங்கியிருந்தா அடுத்த கிழமையும் வந்து நிப்பா.

இலங்கையில தேசமான்ய, தேசபந்து எண்டு தேசிய விருதுகள் 1986ல இருந்து இருக்கு, கலைஞர்மாருக்குக் கலாபூஷணம் இருக்கு, நல்லது, குடுக்கத்தான் வேணும். ஆனா இப்பிடி ஊருக்குள்ள ஓடித்திரியிறவையின்ர பேரை ஆர் எழுதி அனுப்புறது? நாங்கள்தான் அனுப்போணும். பிரதேச செயலகம் விருதுக்கு விண்ணப்பம் கேக்கேக்க தயவுசெய்து உங்கட ஊரில உள்ள இப்பிடியானவையின்ர பேரும் போகட்டும்.

மாலை போட்டது, அவா கையில பிறந்த பெடியன், இப்ப அவனுக்கே ரெண்டு பிள்ளையள். அவா அவனைப் பாத்துக் கேட்டது, "சின்னவளுக்கு ஊசி போட்டாச்சோ தம்பி?"