‘முடியாது’ என்று யாரால் சொல்ல முடியும்?

கல்வித் தலைமைத்துவத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேரப் போகிறேன் என்றதும் ஸ்டாஃப் ரூமில் எழுந்த முதல் கேள்வி, “அப்போ அடுத்த பிரின்சிபல் நீங்கதானா மேடம்?” என்பதுதான். பாதி கிண்டல், பாதி நிஜம். துணை முதல்வராக இருப்பவர் வேலையையும் விடாமல் இப்படி ஒரு படிப்பில் தலையைக் கொடுத்தால், பதவி உயர்வுக்குத்தான் என்று யாரும் நினைப்பார்கள். நானும் மறுக்கவில்லை. பதவியைப் பற்றிய நினைப்பே இல்லாமல் இந்தப் படிப்புக்கு வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. அப்படிச் சொல்லிக்கொள்பவர்களை வேண்டுமானால் பார்த்திருக்கிறேன்.

சேருவதற்கு முன் எல்லோரையும் குழப்புவது எட்.டி.யா, பிஎச்.டி.யா என்பது. எட்.டி. கல்வித் துறைக்கென்றே உருவான முனைவர் பட்டம். அமெரிக்காவில் அதை முதலில் வழங்கியது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1920-இல் தொடங்கப்பட்ட கல்வியியல் பள்ளி. பள்ளிகளை நடத்துகிறவர்களுக்கு எட்.டி., ஆராய்ச்சியே தொழிலாக இருக்கப் போகிறவர்களுக்கு பிஎச்.டி. என்பது கணக்கு. நடைமுறையில் இரண்டுக்கும் வித்தியாசம் மங்கிப்போய், எட்.டி. என்றால் இளைத்துப்போன பிஎச்.டி. என்று பேச்சு வந்துவிட்டது. இதைச் சரிசெய்யத்தான் 2007-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல கார்னகி அறக்கட்டளையின் ஆதரவோடு ஒன்றுகூடின. படிப்பவர் வேலை செய்யும் இடத்தில் தீராமல் கிடக்கும் ஒரு சிக்கலிலிருந்துதான் ஆய்வேடு தொடங்க வேண்டும் என்பது அந்த முயற்சியின் மையமான யோசனை. நான் தேர்ந்தெடுத்ததும் அந்த வகைதான். (ஹார்வர்டே பிற்பாடு தன் எட்.டி.யை நிறுத்திவிட்டு பிஎச்.டி.க்கு மாறியது தனிக்கதை.)

வேலையோடு படிப்பது எப்படி இருந்தது என்று பலர் கேட்கிறார்கள். சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. தூக்கம் குறைந்தது, வீட்டில் பேச்சு வாங்கினேன், தேர்வுக் காலத்தில் புத்தகத்தைத் தொடவே முடியவில்லை. வேலையோடு படிக்கிற எல்லோருக்கும் உள்ளதுதான். எழுதத் தகுந்தது, படித்த விஷயம் மறுநாள் காலை பள்ளிக்கு வந்து என்ன செய்தது என்பது.

முதல் பருவத்தில் எங்களுக்குக் கொடுத்தது அமைப்புகள் இயங்கும் விதத்தை ஆராய்ந்த கார்ல் வைக் 1976-இல் எழுதிய கட்டுரை. பள்ளி போன்ற அமைப்புகளின் பாகங்கள் ஒன்றோடொன்று தளர்வாகத்தான் இணைந்திருக்கின்றன என்பது அவர் வாதம். முதல்வர் அறையில் எடுத்த முடிவு வகுப்பறைக்குள் போய்ச் சேரும் என்று உத்தரவாதம் கிடையாது. சர்குலர் போகும், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள், கதவைச் சாத்தியபின் அவரவர் வழியில் பாடம் நடக்கும். நிர்வாகத்தில் இருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் விஷயம் இது. ஆனால் வைக் இதை வெறும் குறையாகப் பார்க்கவில்லை. ஒரு மூலையில் ஏற்படும் கோளாறு மற்ற இடங்களுக்குப் பரவாமல் நிற்பதும், ஒரு வகுப்பு தன் தேவைக்கேற்ப மாறிக்கொள்ள முடிவதும் அந்தத் தளர்வால்தான் என்கிறார். நிர்வாகம் எடுத்த மட்டமான முடிவுகளிலிருந்து எத்தனை குழந்தைகளை அந்தச் சாத்திய கதவு காப்பாற்றியிருக்கும் என்று யோசித்தேன். முதல்வரிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை.

அடுத்தது விவியன் ராபின்சனும் சக ஆய்வாளர்களும் 2008-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அதாவது முன்பே வந்த பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது. பள்ளித் தலைமையின் எந்தச் செயல் மாணவர் கற்றலோடு அதிகம் தொடர்புடையது என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். எண் பெரிதாக இருந்தால் தொடர்பும் வலுவானது என்று பொருள். ஒழுங்கான, பாதுகாப்பான சூழலை உண்டாக்குவதற்கு 0.27. இலக்குகளை வகுப்பதற்கு 0.42. ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதை ஊக்குவித்து, தானும் அதில் உட்கார்ந்து பங்கெடுப்பதற்கு 0.84. இந்த ஒப்பீடு முழுவதற்கும் அடிப்படை 12 ஆய்வுகள் மட்டுமே என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த 0.84-ஐத் தாயத்து மாதிரிக் கட்டிக்கொண்டு திரிகிறவர்களும் இந்தத் துறையில் உண்டு.

எண் எப்படியோ போகட்டும், ‘தானும் உட்கார்ந்து’ என்பது என்னை உறுத்தியது. ஆசிரியர் பயிற்சி நாளில் தொடக்க உரை ஆற்றிவிட்டு, ஆபீஸில் வேலை இருக்கிறது என்று எழுந்து போவதுதான் நிர்வாகத்தின் வழக்கம். அடுத்த முறை கணக்கு ஆசிரியர்களின் பயிற்சியில் கடைசி வரை இருந்தேன். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் பிள்ளைகள் ஏன் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறார்கள் என்பது அன்றைய பேச்சு. மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டிவிடுகிறார்கள். விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும் என்றார் ஒரு மூத்த ஆசிரியர். கீழ் வகுப்பு எடுக்கும் ஓர் இளம் ஆசிரியை, “ஐந்தில் இரண்டு அரையைவிடக் குறைவுதானே சார், கூட்டினா எப்படிக் குறையும்னு அவங்களையே கேட்கலாமே?” என்றார். நான் மொழிப்பாட ஆசிரியை. எனக்கே அந்தக் கேள்வி அப்போதுதான் உறைத்தது. ஆனால் அன்று நான் அதிகம் கவனித்தது வேறு. முதல் அரைமணி நேரம் அவர்கள் ஒருவருக்கொருவர் பேசவில்லை, என்னைப் பார்த்தே பேசினார்கள். பலகையில் படம் போட ஆரம்பித்து, சண்டை சூடுபிடித்தபின்தான் என்னை மறந்தார்கள்.

ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்தாலே பேச்சு மாறுகிறது என்றால், வாயைத் திறந்தால்? அதற்கும் வகுப்பில் ஒரு பயிற்சி இருந்தது. கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்ட் ஷோன் இருவரும் 1970-களில், மனிதர்கள் தாங்கள் நம்புவதாகச் சொல்லும் கொள்கை வேறு, செயலில் தெரியும் கொள்கை வேறு என்று காட்டினார்கள். அந்த வழியில் வந்த பயிற்சி இது. ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். வலப்பக்கம், ஒரு சங்கடமான உரையாடலில் இருவரும் பேசியது. இடப்பக்கம், அந்தந்த நேரத்தில் மனதில் ஓடிய, ஆனால் சொல்லாத விஷயம். உடன் படித்த ஒரு பள்ளி முதல்வர் எழுதி வந்து வாசித்ததில் ஒரு துண்டு, அவர் அனுமதியோடு:

வலப்பக்கம்: “சார், இந்த வாரப் பாடக்குறிப்பு இன்னும் வரலை போலிருக்கே? ஒண்ணும் அவசரமில்லை, சும்மா ஞாபகப்படுத்தினேன்.” இடப்பக்கம்: ‘மூன்றாவது வாரமாக இதே கதை. இன்றைக்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும்.’

வலப்பக்கம்: “இல்ல மேடம், சப்ஸ்டிட்யூஷன் அதிகமாயிடுச்சு, நாளைக்குக் கொடுத்துடறேன்.” இடப்பக்கம்: ‘எல்லோருக்கும்தான் சப்ஸ்டிட்யூஷன். இவருக்கு மட்டும் என்ன?’

வலப்பக்கம்: “பரவாயில்லை சார், மெதுவா கொடுங்க.”

வாசித்து முடித்ததும் வகுப்பே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். பேராசிரியர் மட்டும் சிரிக்காமல், “அந்த ஆசிரியருடைய இடப்பக்கத்தில் என்ன இருந்திருக்கும்?” என்று கேட்டார். சப்ஸ்டிட்யூஷன், அதாவது லீவில் இருப்பவரின் வகுப்புக்குப் போகும் வேலை, உண்மையிலேயே அந்த ஆசிரியருக்குத்தான் அதிகமாகப் போயிருக்கலாம். பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். யாரும் பார்க்கவில்லை. அந்த ஆசிரியரும் பார்க்கச் சொல்லவில்லை. சொல்கிற நிலையில் அவர் இல்லை.

எனக்கு இந்தப் படிப்பின் உச்சம் வைவா என்ற வாய்மொழித் தேர்வு அல்ல, ஆய்வேடும் அல்ல. ஆய்வு நெறிமுறைகளைப் பரிசீலிக்கும் எத்திக்ஸ் கமிட்டியிலிருந்து வந்த ஒரு பக்கக் கடிதம்தான். வகுப்பைப் பார்வையிட்டபின் நிர்வாகத்தில் இருக்கும் நாங்கள் சொல்லும் கருத்துகளை ஆசிரியர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பது என் ஆய்வுத் தலைப்பு. எங்கள் பள்ளி ஆசிரியர்களையே பேட்டி எடுப்பதாக முன்மொழிவில் எழுதியிருந்தேன். சம்மதப் படிவமும் முறைப்படி இணைத்திருந்தேன். கமிட்டி கேட்டது இதுதான்: உங்களால் ஆண்டு மதிப்பீடு செய்யப்படும் ஓர் ஆசிரியருக்கு இதில் கலந்துகொள்ள விருப்பமில்லை என்றால், அதை அவர் யாரிடம் சொல்வார்? சொன்னது உங்களுக்குத் தெரியாமலிருக்க என்ன ஏற்பாடு?

இதன் வேர் எங்கே இருக்கிறது என்று தேடினால், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்காக 1979-இல் அமெரிக்காவில் வெளியான பெல்மாண்ட் அறிக்கைக்குப் போகலாம். சம்மதத்துக்கு மூன்று வேண்டும் என்கிறது அது. தகவல் தர வேண்டும், அது புரிய வேண்டும், சொந்த விருப்பத்தில் வர வேண்டும். அதிகாரத்தில் இருப்பவர் கேட்கும்போது மூன்றாவது ஆட்டம் காணும் என்பதையும் அதுவே எடுத்துச் சொல்கிறது. முதல் இரண்டுக்குப் படிவம் போதும். மூன்றாவதற்குப் போதாது.

ஆய்வின் அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. அழைப்பை நான் அனுப்பாமல் பல்கலைக்கழகத்திலிருந்து அனுப்பினார்கள். பேட்டியை எடுத்தவர் உடன் படித்த ஒருவர். அவருக்கும் எங்கள் பள்ளிக்கும் தொடர்பில்லை. யார் மறுத்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுத்தாக்கிய பேட்டிகள், பெயர்களை நீக்கியபின் என்னிடம் வர வேண்டும் என்பது ஏற்பாடு. பெயரை நீக்குவது எளிதான வேலை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ‘பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், பெயர் எதற்கு? பள்ளியில் அப்படி ஒருவர்தான் இருப்பார். ஆகவே பாடமும் போனது, வகுப்பும் போனது. அப்புறம் பேச்சு வழக்கம். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘புரியுதுங்களா’ போடுகிறவரை ஊரே அடையாளம் கண்டுவிடும். அதையும் எடுத்தார் நண்பர். கடைசியில் என் கைக்கு வந்தது ருசியெல்லாம் வடிந்துபோன பேச்சுதான். ஆய்வாளராக எனக்கு நஷ்டம். ஆனால் வேறு வழியில் எடுத்திருந்தால் அந்தப் பேச்சே கிடைத்திருக்காது.

அதில் திரும்பத் திரும்ப வந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். பின்வரிசையில் உட்கார்ந்து நாங்கள் எழுதத் தொடங்கியதும், என்ன எழுதுகிறார்கள் என்பதிலேயே கவனம் போய்விடுகிறது என்றார்கள். பிறகு அறைக்குக் கூப்பிட்டு நல்லதாக நாலு சொல்லி, ‘ஆனால்’ என்று ஆரம்பிக்கும்வரை எதுவும் காதில் ஏறுவதில்லையாம். பாராட்டை முதலில் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சிகளில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேட்பவர்கள் அதைக் காத்திருப்பு நேரமாக எடுத்துக்கொள்கிறார்கள். இப்போது வகுப்பு முடிந்ததும் என் குறிப்பேட்டை அப்படியே அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். முதலில் படிப்பது அவர்கள்தான்.

கமிட்டியின் கேள்வி ஆய்வோடு நிற்கவில்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில் “எல்லாருக்கும் ஓகேதானே?” என்று கேட்டு, இரண்டு நொடி பார்த்து, “சரி, அடுத்தது” என்று போவது எங்கள் எல்லோருக்கும் கைவந்த கலை. ஆய்வுக்கு அந்தச் சம்மதம் செல்லாது. கூடுதல் வேலையை ஒருவர் தலையில் கட்டுவதற்கு மட்டும் செல்லுமா? அந்தோனி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் சிகாகோ பள்ளிகளை ஆராய்ந்து 2002-இல் எழுதியதில், பள்ளிக்குள் நம்பிக்கை நான்கைப் பொறுத்து வளர்கிறது என்கிறார்கள்: மரியாதை, திறமை, அக்கறை, சொல்லும் செயலும் ஒன்றாயிருப்பது. அங்கே மேலே இருப்பவரும் கீழே இருப்பவரை நம்பித்தான் வேலை நடத்த வேண்டியிருக்கிறது. அப்படியிருக்க, மௌனத்தைச் சம்மதமாக எண்ணிக்கொள்வது எந்த வகை நம்பிக்கை?

எனவே தேர்வுப் பணி ஒதுக்கீட்டை முதலில் வரைவாகச் சுற்றுக்கு விட்டோம். ஆட்சேபணையைப் பெயரில்லாமல் எழுதிப் பெட்டியில் போடலாம் என்றோம். கையெழுத்தை வைத்தே யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது முதல் நாளே தெரிந்தது. தட்டச்சுப் படிவத்துக்கு மாறினோம். மீட்டிங்கில் பணியில் இளையவர்கள் முதலில், முதல்வர் கடைசியில் என்று பேசும் வரிசையைத் திருப்பினோம். முதல்வர் ஒப்புக்கொண்டாரே தவிர, அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும்.

சேரலாமா என்று கேட்கிறவர்களிடம், பல்கலைக்கழகத்தின் பெயரைவிட வழிகாட்டியைப் பாருங்கள் என்கிறேன். அவர் எப்போதாவது ஒரு பள்ளியில் வேலை பார்த்தவரா, அவரிடம் படித்தவர்கள் முடித்திருக்கிறார்களா, பாதியில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று விசாரியுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களை ஆய்வுக்கு எடுப்பதாக இருந்தால், எத்திக்ஸ் கமிட்டிக்கு ஒரு பருவத்தை ஒதுக்கிவிடுங்கள்.

பட்டம் வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூம் எதிர்பார்த்த பதவி வரவில்லை, வேறொருவருக்குப் போனது. படிவமும் பேச்சு வரிசையும் தொடர்கின்றன. ஆனால் போன மாதம் ஒரு மூத்த ஆசிரியை நேராக என் அறைக்கே வந்தார். “மேடம், எல்லாத்துக்கும் படிவம் வேண்டாமே. யாராவது லீவு போட்டா அந்த பீரியடுக்கு யார் போகணும்னு நீங்களே சொல்லிடுங்க. ரெண்டு நிமிஷத்துல முடியுற விஷயம், நாங்க மூணு பேர் உட்கார்ந்து பேசி பத்து நிமிஷம் போயிடுது. அதுக்குள்ள அங்க கிளாஸ் கத்துது.” அவர் சொன்னது நியாயம். சப்ஸ்டிட்யூஷன் பட்டியலை மறுநாளிலிருந்து பழையபடி நானே போடுகிறேன், யாருக்கு எத்தனை போனது என்ற கணக்கோடு பலகையில் ஒட்டிவிடுகிறேன். தேர்வுப் பணிக்கு மட்டும் படிவம் இருக்கட்டும் என்றதற்கு, “அது இருக்கட்டும் மேடம், அதுல நான் ரெண்டு தடவை எழுதிப் போட்டிருக்கேன்” என்றார்.