‘குற்றமும் தண்டனையும்’ நாவலை உயர்தர வகுப்பில் வாசித்து முடித்தோம்

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்கு (ஏ.எல்.) தமிழ் எடுக்கும் பிள்ளைகளோடு சேர்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்தோம். பாடத்திட்டத்தில் இல்லாத புத்தகம். பரீட்சைக்கு ஒரு கேள்விகூட வராது. “எப்படி முடித்தீர்கள், பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்களா?” என்று பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்கள் கேட்டார்கள். அவர்களுக்காகவும், இப்படி ஒன்றைச் செய்ய ஆசையிருந்தும் தயங்குகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

பாடசாலை இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் இருக்கிறது. பிள்ளைகளில் பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். புத்தகத்தை முதல் நாள் கையில் கொடுத்தபோது அதைத் திறப்பதற்கு முன்பே கடைசிப் பக்கத்தின் எண்ணைத்தான் பார்த்தார்கள். “இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள எக்ஸாமே வந்துரும் டீச்சர்” என்றான் ஒருவன். இன்னொருத்தி நோட்ஸ் தருவீர்களா என்று கேட்டாள். தரமாட்டேன் என்றேன். சுருக்கத்தை வாசித்துவிட்டால் அதற்குப் பிறகு யாரும் நாவலைத் தொடமாட்டார்கள்.

அறிமுக உரையும் நிகழ்த்தவில்லை. ரஷ்யா, ஜார் ஆட்சி, சைபீரியா, உளவியல் என்று ஒரு மணித்தியாலம் பேசினால், ஏற்கெனவே பயந்திருக்கிற பிள்ளை இன்னும் பயப்படும். நான் சொன்னது ஒன்றுதான்: இந்தக் கதை 1866இல் ஒரு சஞ்சிகையில் தொடராக வந்தது. அந்தக் காலத்து ரஷ்யர்களும் இதை மொத்தமாக வாசிக்கவில்லை, அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்திருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாசித்தார்கள். ஆறு பாகமும் பின்னுரையுமாக மொத்தம் 41 அத்தியாயம். ஒரு தடவை உட்கார்ந்தால் ஒரு அத்தியாயம், அவ்வளவுதான் என்றேன். அதில் பாதிப் பயம் போய்விட்டது.

கைவசம் இருந்தவை எம்.ஏ.சுசீலாவின் மொழிபெயர்ப்பில் ஒரு சில பிரதிகள். ஆளுக்கொன்று கொடுக்க முடியாது. அதனால் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது என்று வைத்துக்கொண்டோம். பாடசாலை 1.30க்கு விட்டதும் கிழமைக்கு இரண்டு நாள் உட்கார்ந்தோம். தூரத் தோட்டத்துப் பிள்ளைகள் பஸ் நேரத்துக்கு எழும்பிப் போய்விடுவார்கள். அவர்களுக்காக, அடுத்த தடவை தொடங்குமுன் யாராவது ஒருவர் எழுந்து போன தடவை நடந்த கதையைச் சொல்ல வேண்டும். தாளைப் பார்க்கக் கூடாது, வீட்டில் பேசுகிற மாதிரியே சொல்லலாம். நான் வைத்த ஒரே விதி இதுதான். கதையைத் திரும்பச் சொல்லும்போதுதான் யாருக்கு எங்கே விளங்கவில்லை என்பது தெரியவந்தது.

எல்லாரையும் முதலில் தடுக்கிவிழச் செய்வது பெயர்கள். ஒரே ஆளை மூன்று பெயரில் கூப்பிடுகிறார்கள். கதாநாயகன் ரோதியான் ரொமானோவிச் ரஸ்கோல்னிகோவ், அம்மாவுக்கு ரோத்யா. அவன் தங்கை அவ்தோத்யா ரொமானோவ்னா, வீட்டில் துன்யா. நடுவில் வருவது அப்பாவின் பெயர். ரொமானின் மகன், ரொமானின் மகள் என்று அர்த்தம். “நாம இனிஷியலா போடுறத அவங்க முழுசா நடுவுல போடுறாங்க” என்று ஒரு பிள்ளை சொன்னதும் எல்லாருக்கும் பிடிபட்டுவிட்டது. ஒரு மட்டையில் பெயர்களை எழுதி கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினோம். புது ஆள் வரும்போதெல்லாம் அதில் சேர்த்துக்கொண்டோம்.

சரி, கதைக்கு வருகிறேன். முதல் அத்தியாயத்திலேயே ரஸ்கோல்னிகோவ் அப்பாவின் வெள்ளிக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அடகு பிடிக்கிற கிழவி அல்யோனா இவானோவ்னாவிடம் போகிறான். நான்கு ரூபிள் கேட்கிறான். ஒன்றரைக்கு மேல் தரமாட்டேன் என்கிறாள். அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, அவள் சொல்கிற கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னேன். ரூபிளுக்கு மாதம் 10 கோபெக் வட்டி (100 கோபெக் ஒரு ரூபிள்). ஒன்றரை ரூபிளுக்கு 15 கோபெக். முன்பு மோதிரத்துக்குக் கொடுத்திருந்த இரண்டு ரூபிளுக்கு 20 கோபெக். இரண்டையும் முன்கூட்டியே கழித்துக்கொண்டு அவள் கையில் கொடுப்பது 1 ரூபிள் 15 கோபெக்.

கணக்குப் போட்ட பையன் சோக்கட்டியைக் கீழே வைக்கவில்லை. “இது பத்து வட்டி டீச்சர். எங்க பக்கமும் இப்படித்தான், மொத வட்டிய எடுத்துக்கிட்டுத்தான் மிச்சத்த குடுப்பாங்க” என்றான். அதற்குப் பிறகு வகுப்பை நான் நடத்தவில்லை. சம்பள நாள் பத்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி வீட்டில் என்ன நடக்கும், தீபாவளிக்கு முதல் கிழமை டவுனில் அடகு வைக்கிற இடத்தில் எவ்வளவு நீளத்துக்கு ஆட்கள் நிற்பார்கள், தவணை தப்பினால் தோடு எப்படி மூழ்கும், அடகுச் சீட்டை அம்மா எந்த டின்னுக்குள் வைத்திருப்பார் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். எனக்குத் தெரியாத விவரங்களும் அதில் இருந்தன. பீட்டர்ஸ்பர்க்கில் ஜூலை மாதத்து வெக்கை. எங்கள் ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டமும் மழையும். ஆனாலும் அந்தக் கிழவியின் வாசல் அவர்களுக்கு அந்நியமாக இல்லை.

இந்த நாவலுக்குள் எங்கள் பிள்ளைகள் போகிற வாசல் கடன்தான் என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். அதற்குப் பிறகுதான் தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றியும் சொன்னேன். அவரே கடனில் மூழ்கியிருந்தவர். ஸ்டெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரிடம் முன்பணம் வாங்கியிருந்தார். 1866 நவம்பர் 1ஆம் தேதிக்குள் ஒரு புது நாவல் கொடுக்காவிட்டால், ஒன்பது வருடத்துக்கு அவர் எழுதுவதை எல்லாம் பணம் கொடுக்காமலே பதிப்பிக்கும் உரிமை அந்த ஆளுக்குப் போய்விடும். ‘குற்றமும் தண்டனையும்’ தொடரை எழுதிக்கொண்டிருக்கும்போதே, அன்னா என்ற இளம் சுருக்கெழுத்தாளரை வைத்து, 26 நாளில் இன்னொரு நாவலைச் சொல்லச் சொல்ல எழுதவைத்து முடித்தார். அடுத்த வருடம் அவரையே கல்யாணம் செய்துகொண்டார். இதைக் கேட்ட பிறகு, எழுத்தாளர் பிள்ளைகளுக்குச் சுவரில் மாட்டிய படமாக இல்லை.

இரண்டாவது அத்தியாயம் கஷ்டமானது. சாராயக் கடையில் மார்மெலாதோவ் பேசுகிற பேச்சு. மனைவியின் காலுறைகளையும் சால்வையையும்கூட விற்றுக் குடித்தவன், மூத்த மகள் சோன்யா தெருவில் நின்று குடும்பத்துக்குக் கொண்டுவந்த காசிலும் குடித்தவன். குடியால் கஷ்டப்படுகிற வீடுகள் எங்கள் வகுப்பிலும் உண்டு. அதனால் அதை நானே வாசித்தேன். யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: இந்த அத்தியாயத்தில் பிள்ளைகளை வாய்திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஒரு மாணவி சில நாள் கழித்துத் தானாகவே என்னிடம் வந்து, மார்மெலாதோவ் அழுவது உண்மையா நடிப்பா என்று கேட்டாள். இரண்டுமாக இருக்கலாம் என்றேன். “அப்படித்தான் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாவது அத்தியாயத்தில் அம்மாவின் கடிதம் வருகிறது. நீளமான கடிதம். இதைச் சுருக்கவே கூடாது. வருடத்துக்கு 120 ரூபிள் ஓய்வூதியத்தில் வாழ்கிற அம்மா, அந்த ஓய்வூதியத்தையே ஈடு காட்டிக் கடன்வாங்கி மகனுக்கு 15 ரூபிள் அனுப்பியிருக்கிறார். துன்யா ஸ்விட்ரிகைலோவ் வீட்டில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற வேலைக்குப் போகும்போது 100 ரூபிள் முன்பணம் வாங்கியிருக்கிறாள். அதில் 60 ரூபிள் அண்ணனுக்குப் போனது. துன்யாவின் சேமிப்பு என்று அவனிடம் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மாதாமாதம் சம்பளத்தில் கழித்து அந்தக் கடன் தீரும்வரை, அந்த வீட்டில் என்ன நடந்தாலும் அவளால் வேலையை விட்டுவர முடியாது.

கடிதத்தை வாசித்த மாணவியின் அக்கா கொழும்பில் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறார். முன்பணத்தைச் சொல்கிற வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, அதை இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்தாள். பின் வாங்கிலிருந்து வரலாறு படிக்கிற ஒருவன், “இது துண்டு முறைதானே டீச்சர்?” என்றான். எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய துண்டு வேண்டும். கடனோடு ஆளும் சேர்ந்து கைமாறுவார். 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். பூட்டனார் காலத்துத் துண்டைப் பற்றி வீட்டில் கேட்ட கதைகளை இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அன்றைக்கு அடுத்த அத்தியாயத்துக்குப் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ரஸ்கோல்னிகோவுக்குக் கடிதத்தை வாசித்ததும் ஏன் அவ்வளவு கோபம் வருகிறது, தங்கை லூசின் என்ற வசதியான ஆளைக் கட்டிக்கொள்ளச் சம்மதிப்பதை ஏன் அவனால் தாங்க முடியவில்லை என்று நான் விளக்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

அவனுடைய அறையைப் பற்றியும் ஒரு பேச்சு வந்தது. ஆறே காலடி நீளம், அலமாரி போன்ற அறை. எல்லா விமர்சகர்களும் அந்த அறையின் நெருக்கடியைப் பற்றி எழுதுவார்கள். லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் வரிசை வீடுகள்) வருகிற ஒரு பிள்ளை சொன்னது: “அவன் அதுல தனியாத்தானே இருக்கான் டீச்சர்.” இந்த நாவலைப் பற்றி நான் கேட்ட நல்ல அவதானிப்புகளில் அதுவும் ஒன்று.

அப்புறம் அந்த 730 காலடி. தன் வீட்டு வாசலிலிருந்து கிழவி வீட்டு வாசல் வரை சரியாக 730 காலடி என்று ரஸ்கோல்னிகோவ் எண்ணிவைத்திருப்பான். ஒரு மாணவன் தங்கள் லயத்திலிருந்து 730 காலடி எண்ணி நடந்து பார்த்திருக்கிறான். தோட்டத்து மாரியம்மன் கோவிலைத் தாண்டிக் கொஞ்சத் தூரம்தான் வந்ததாம். “இவ்ளோ கிட்டவா! எந்த நேரமும் திரும்பிப் போயிருக்கலாமே” என்றான்.

ரஸ்கோல்னிகோவ் அந்தக் கிழவியைக் கொன்ற பிறகுதான் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. அவள் வட்டிக்காரி, ஏழைகளை உறிஞ்சியவள், அவள் பணத்தால் நூறு குடும்பம் பிழைக்குமே என்று பையன்களில் ஒரு பக்கம். நாவலில் ஒரு மாணவன் சாப்பாட்டுக்கடையில் அதிகாரி ஒருவரிடம் சொல்கிற அதே வாதம்தான். நான் குறுக்கே பேசவில்லை. கடிதம் வாசித்த மாணவி ஒரு கேள்வி கேட்டாள்: “சரி, லிஸாவெதா என்ன செஞ்சா?” கிழவியின் தங்கை அவள். அக்காவுக்கு உழைத்துக்கொடுத்து, அடியும் வாங்கிக்கொண்டு, அன்றைக்குத் தற்செயலாக வீட்டுக்குள் வந்தவள். அவளையும் அவன் வெட்டுகிறான். யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு சோன்யா லாசரஸ் உயிர்த்தெழுந்த கதையை அவனுக்கு வாசிக்கிற அத்தியாயம் வந்தபோது, அந்த வேதப்புத்தகத்தைச் சோன்யாவுக்குக் கொடுத்தவளே லிஸாவெதாதான் என்று தெரிந்ததும், அந்த மாணவி பெயர் மட்டையில் லிஸாவெதாவின் பெயரைச் சிவப்புப் பேனையால் கோடிட்டாள்.

இடையில் தொய்வும் வந்தது. இரண்டாம் பாகத்தில் காய்ச்சல், பிதற்றல், தெருத்தெருவாக அலைதல். சிலர் வராமல் போனார்கள். அங்கே நீண்ட உரையாடல்கள் சிலவற்றை நான் வாய்மொழியாகச் சொல்லிக் கடந்தேன். லூசின் பேசுகிற இடங்களிலும் அப்படித்தான். அதில் தப்பில்லை என்பது என் எண்ணம். ஆனால் குதிரையை அடித்துக் கொல்கிற கனவையும், கடிதத்தையும், போர்ஃபிரி காட்சிகளையும் ஒரு வரிகூட விடக் கூடாது.

போன பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்தது போர்ஃபிரிதான். அந்த விசாரணை அதிகாரியும் ரஸ்கோல்னிகோவும் மோதுகிற மூன்று சந்திப்புகளையும் இருவர் இருவராக நாடகம்போல வாசித்தோம். ஒருவர் சிரித்துச் சிரித்துச் சுற்றிவளைப்பார், மற்றவர் வியர்ப்பார். போர்ஃபிரியாக வாசிக்க அடிபிடி. சாதாரண வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் மூன்றாவது சந்திப்பில் “நீங்கதான் கொன்னீங்க” என்பதைக் குரல் உயர்த்தாமல், மரியாதையாகச் சொன்னான். எனக்குப் புல்லரித்தது.

பின்னுரையை ஒரே மூச்சில் வாசித்தோம். ரஸ்கோல்னிகோவ் கிழவியிடமிருந்து எடுத்துக் கல்லுக்கடியில் ஒளித்துவைத்த பணப்பையில் 317 ரூபிள் 60 கோபெக் இருந்தது என்று அங்கேதான் தெரிகிறது. அதை அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதை நீதிமன்றம் முதலில் நம்ப மறுக்கிறது. கணக்குப் பையன் கேட்காமலே எழுந்துபோய்ப் பலகையில் 120ஆல் வகுத்தான். அம்மாவின் ஓய்வூதியத்தில் இரண்டரை வருடத்துக்கும் மேல். தண்டனை எட்டு வருடம் சைபீரியாவில். அது போதுமா என்பதில் இன்றுவரை அவர்களுக்குள் உடன்பாடு இல்லை. போதாது என்கிறாள் லிஸாவெதாவின் பெயரைக் கோடிட்டவள். தண்டனை முதல் பாகத்திலேயே தொடங்கிவிட்டது என்கிறான் துண்டு முறையைச் சொன்னவன்.

அடுத்த தரம் 12 பிள்ளைகளோடும் இதே புத்தகத்தைத்தான் எடுக்கப்போகிறேன். போர்ஃபிரி காட்சிகளுக்கு வந்து வாசிப்பதாக இப்போதைய மாணவர்களில் இருவர் சொல்லியிருக்கிறார்கள். பெயர் மட்டையை மட்டும் கழற்றிவிடுவேன். புதியவர்கள் தங்களுடையதைத் தாங்களே எழுதட்டும்.